ஊசி கிழித்த கிழிசல் இல்லை, அண்ணை!

அண்ணை, எங்கள் வீட்டு நீச்சல் தடாகத்தைக் கிழித்தது நீங்கள்தான்.

இந்தப் பத்தியில் பெயர் எழுதவில்லை. ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு தலைவர்தான். யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை, சங்கத்தின் கலைவிழா. வரவேற்புரைக்கு மைக்கைப் பிடித்தவர் வரவேற்றுவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

“எங்கட பொம்பிளையள் நீச்சல் பழகுகினமாம். தாலிக்கொடியில ஊசியோட இறங்கித் தடாகத்தையே கிழிச்சுப்போட்டினம்! தண்ணியை முழுக்க இறைச்சுப்போட்டு மண்ணைப் போட்டு நிரப்புங்கோ அக்காமார், கத்தரிக்காயாவது காய்க்கும்!”

மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்வளவில் ஒரு தடாகம் இருந்தது; மண்ணைத் தோண்டி, உள்ளே ‘ஃபோலியே’ என்கிற தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டது. கோடைகால ஞாயிறுகளில் எங்கள் பெண்கள் சிலர் அங்கே வந்து நீச்சல் பழகுகிறார்கள். எல்லோரும் ஐம்பதை நெருங்கியவர்கள், சிலர் தாண்டியவர்கள். நகரசபைத் தடாகத்துக்குப் போக வெட்கம். இங்கே டீ-ஷர்ட்டும் லெகிங்ஸும் போதும். பார்க்க ஆளில்லை.

தாலிக்கொடியில் இரண்டு ஊசி, அதாவது ஊக்கு, கொழுவித் திரிவது எங்கள் பழக்கம்தான். மறுக்கவில்லை. அதற்காகவே படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். ஊசி அதற்குள் விழுகிற சத்தம் கேட்காமல் ஒருத்தியையும் தண்ணீரில் இறக்குவதில்லை.

அப்படியானால் கிழித்தது எது? பியர்ப் பெட்டி.

செப்டெம்பரில் உங்கள் பிறந்தநாள். “வீட்டில இடம் காணாது, உங்கட வளவில வைப்பமோ?” என்று கேட்டீர்கள். தந்தோம். குளிர்சாதனப்பெட்டி நிரம்பிவிட்டது. உடனே நீங்கள் என்ன செய்தீர்கள்? குளிரட்டும் என்று, போத்தல் நிறைந்த பெட்டியைத் தடாகத்தில், படிக்கட்டுக்கு எதிரே அந்தத் தொங்கலில் தொப்பென்று போட்டீர்கள். பிறகு கயிறு கட்டி, தரையோடு தரையாக இழுத்தெடுத்தீர்கள். தண்ணீர் குறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். குறையக் குறையக் குழாயால் நிரப்பினோம்.

என் கணவர் கிரில் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“கண்டனான்தான். பிறந்தநாள் ஆளல்லோ... எப்பிடிச் சொல்லுறது?”

இவரோடு பிறகு பேசிக்கொள்கிறேன். இப்போது தலைவரோடு.

விழா முடிந்த மறுநாளே இரண்டு தொலைபேசி அழைப்புகள். “அக்கா, வாற வருசம் எனக்கு ஏலாது. ஆக்கள் சிரிக்கினமாம், இவர் வேண்டாமெண்டுறார்.” இரண்டு பேருக்கும் ஒரே வசனம். என்னைச் சுட்டது அதுதான். உள்ளே விரித்திருக்கிற ஃபோலியே வெறும் பிளாஸ்டிக்... ஒட்டலாம். கரையில் நின்றுவிட்ட பெண்ணை எதைக்கொண்டு ஒட்டுவது?

உறைபனி வருமுன் தடாகத்தைக் குளிர்காலத்துக்கு மூட வேண்டும். கிணறு இறைப்பது போல் முழுக்க இறைக்கச் சொன்னீர்களே – செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஈரமண் சுவரை உள்ளே தள்ளும். பழைய ஃபோலியே சுருங்கிவிடும், பிறகு இழுத்தாலும் பொருந்தாது. கிழிசலை அப்படியே விட்டாலும் ஆபத்துத்தான். குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் கசிந்து, கடைசியில் வெறுமைதான்.

எனவே தண்ணீருக்குள்ளேயே ஒட்ட வேண்டும். அதற்கென்று பசை இருக்கிறது. பசை இருந்தென்ன, யாராவது அடியில் போகவேண்டுமே?

“தடாகம் மூடப் போறன். வாறவை வாங்கோ” என்று எல்லோருக்கும் செய்தி போட்டேன்.

வந்தார்கள். ‘ஏலாது’ என்ற இரண்டு பேரில் ஒருத்தியும் வந்தாள். “இவர் வேலைக்குப் போயிட்டார்” என்றாள். பசை டின்னைக் கையில் கொடுத்தேன்.

“நான் இறங்கிறன்” என்றாள் சிவமலர். பேக்கரியில் வேலை செய்பவள். மே மாதம் படிக்கட்டுக் கைப்பிடியை விடமாட்டேன் என்று அழுத அதே சிவமலர்.

என் மகளின் நீயோப்ரீன் உடுப்பை, குளிர்நீருக்கான ரப்பர் உடுப்பை, அவளுக்கு மாட்டினோம். முதுகுப் பக்க ஸிப் ஏறவில்லை. இரண்டு பேர் இழுத்தோம்.

“மூச்சை அடக்கு, சிவா!”

“அடக்கித்தானே நிக்கிறன்!”

“அப்ப வயித்தையும் அடக்கடி!”

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர். சிவமலர் படிக்கட்டால் இறங்கினாள், அந்தத் தொங்கலுக்கு நீந்திப் போனாள், தலையை உள்ளே விட்டாள். பிறகு மேலே வந்தாள், வாயால் தண்ணீரைத் துப்பினாள்.

“ஊசியோ? அக்கா, என்ர மூண்டு விரல் உள்ள போகுது!”

பெட்டி மூலை வெட்டிய வெட்டு. நாங்கள் பழகுகிற படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பசை பூசிய துண்டை நீட்டினோம். மறுபடி முங்கி, ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு வந்தாள். உதடு நீலம். முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தண்ணீர் இறங்கவில்லை. பிறகு நாங்களே கொஞ்சம் இறைத்து, மட்டத்தைக் குழாய்களுக்குக் கீழே கொண்டுவந்தோம். குழாய்களை ஊதி அடைத்தோம். பனிக்கட்டி விரிந்து சுவரை நெரிக்காமலிருக்க மிதவைகளைப் போட்டோம். மேலே தார்ப்பாய். ஆளுக்கொரு மூலையாக இழுத்துக் கட்டினோம்.

“இதையெல்லாம் பேப்பரில எழுதாதையும்” என்றார் கணவர்.

எழுதுகிறேன்.

ஏனென்றால் இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பொருள் பழுதானால், பழுதாக்கியது யார் என்று தேடுவதில்லை. அந்தப் பொருளால் எந்தப் பெண் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் தேடுகிறார்கள். பழியை அங்கே போட்டுவிட்டால் சந்தோஷமும் நின்றுவிடும், வேலை சுலபம்.

இந்த முறை நிற்காது. மே மாதம் தார்ப்பாயைக் கழற்றுவோம். இறங்குவோம்.

புதிய ஃபோலியே வேண்டாம் அண்ணை, மன்னிப்பும் வேண்டாம். சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. நாங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருப்போம். ஒரு கேள்விக்கு அங்கே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: நாங்கள் நீந்துவதால் உங்களுக்கு என்ன நட்டம்?