புரியாணியும் தொதலும் இரண்டு சேர்வர்களும்

நேற்று உட்துறைமுக வீதிக் கடையொன்றில் பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்தார்கள். சூடேறிய தாளின் மணம் மூக்கைத் தொட்டதும், நண்பரே, நான் மறுபடியும் துறைமுக வாயிலில் நின்றேன்.

அங்கே ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினி வலையமைப்பு என் பொறுப்பில் இருந்தது. கல்லூரியில் முறையாகப் பயின்றவன் என்ற நிமிர்வும் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. எந்தக் கருவியும் விழித்தெழுந்தவுடன் தன் முகவரி என்னவென்று வினவும். விடையளிக்க இரண்டு டிஎச்சிபி சேர்வர்கள்: ஒன்று என்னிடம், மற்றது விரிகுடாவுக்கு அப்பால், மூதூர்க் களஞ்சியத்தில், கிண்ணியாவைச் சேர்ந்த பரீதாவிடம். எது முந்திக்கொண்டாலும் வாயில் அச்சுப்பொறிக்கு ஒரே முகவரியே கிடைக்கவேண்டும். மாறினால் அனுமதிச்சீட்டு அச்சாகாது, லொறிகள் நகரமாட்டா. ஆகவே நான் ஒதுக்கியதை அவரும் அப்படியே ஒதுக்கவேண்டும்.

தொலைபேசியில் ஒப்புவிப்போம். கருவியின் அடையாள இலக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும். இரைச்சலில் குழம்பாதிருக்க, 'பி'க்குப் புரியாணி, 'டி'க்கு, ஆங்கிலத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் தொதல் என்ற இனிப்பு என்பது பரீதாவின் ஏற்பாடு. கழுத்துப்பட்டியோடு அமர்ந்து, "ஏழு, புரியாணி, தொதல், தொதல்" என்று நான் உரக்கச் சொல்லும் கோலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகாமையாளர் எட்டிப் பார்த்து, "விருந்து எங்க ஐயா? எங்களுக்குச் சொல்லேல்லையே!" என்பார்.

வாயிலுக்குப் புதிய அச்சுப்பொறி வந்தபோதும் அப்படியே ஒப்புவித்தேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க சேர். தொதல் ரெண்டா, மூணா?"

"சொன்னனான்தானே, பரீதா. விருந்துக்கே வந்தனீங்கள்?"

"ஓம் சேர், வயிறு நிறையாம எழும்ப ஏலாது!"

அடுத்த வாரமே என் சேர்வரைத் திருத்தத்துக்காக நிறுத்த நேர்ந்தது. "ஒரு முகவரியும் மாறாது" என்று முகாமையாளரிடம் எல்லோர் முன்னிலையிலும் உறுதியளித்திருந்தேன். வாயிலில் மீன் லொறிகள் வரிசையாக நின்றன. அச்சுப்பொறியை இயக்கினோம். மௌனம். என் நற்பெயர் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"ஐஸ் உருகுது ஐயா," என்றார் குச்சவெளிச் சாரதி. "உங்கட மெசினுக்குத் தன்ர விலாசம் தெரியுமோ, தெரியாதோ?"

அது ஒருமுறை செருமிவிட்டுச் சீட்டைத் துப்பியது. அக்கரையிலிருந்து சரியான முகவரி வந்துவிட்டது! மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூதூருக்கு அழைத்தேன்.

"எதிர்பார்த்ததுதான்," என்றேன்.

"அப்ப ஏன் சேர் மூச்சு வாங்குது?"

இப்போது ஒரு சேர்வரில் பதிந்தால் மற்றது தானாகவே ஏற்றுக்கொள்கிறது. பிழைக்கு இடமில்லை, கற்றவன் என்ற முறையில் ஆமோதிக்கிறேன். நானும் பரீதாவும் ஓய்வுபெற்றுவிட்டோம். அவருடைய இலக்கம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அலுவல் ஏதுமின்றி ஒருவரை அழைத்து எப்படிக் கதை தொடங்குவது என்பதை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்பிக்கவில்லை.