நாலு பேர் போகவேண்டிய படகு

கடலில் கம்பம் ஏறி விளக்கைப் பராமரிக்கும் வேலைக்கு நால்வருக்குக் குறைந்த குழுவை அனுப்பலாகாது. எங்கள் திணைக்களக் கைநூலில் இப்படித்தான் இருந்தது. பிரதம எழுதுநராக இருந்த எனக்கு அது இன்றும் மனப்பாடம். மனைவியின் கைபேசி எண்தான் பாடமில்லை.

வைத்தியர் நடக்கச் சொன்னதால் மாலையில் கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் போகிறேன். பரவைக்கடலில் படகுப் பாதை நெடுக இப்போது சூரிய விளக்குகள். தாமாகவே எரிகின்றன, தாமாகவே அணைகின்றன. நேற்று அங்கே யாரோ படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அந்த மணத்தில் யேசுதாசன் வந்து நின்றுவிட்டான்.

மண்ணெண்ணெய் விளக்குகள் இருந்த காலத்தில் எங்கள் கம்பங்களில் ஏறுகிறவன் அவன். சுக்கான் மரியதாஸிடம். ஏணியைப் பிடிக்க ஒருவர், கயிற்றுக்கு ஒருவர். கயிற்றுக்காரர் ஓய்வுபெற்றதும், மூவர் போதும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் கரையில் மூன்று பேராய் ஒரு காரியத்துக்குப் புறப்படமாட்டார்கள் என்பது கொழும்புக்கு எப்படித் தெரியும்? ஏணிக்காரரைக் கரையில் விட்டுவிட்டு இருவராகப் போகத் தொடங்கினார்கள்.

"கோயிலிலை பிதா, சுதன், ஆவி எண்டு மூண்டு பேரைத்தானே கும்பிடுறியள்? வேலைக்கு மட்டும் ஆகாதோ?" என்று கேட்டேன்.

"அவையள் கம்பத்திலை ஏறுறேல்லை ஐயா," என்றான் யேசுதாசன்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். இப்போது இருவரே செல்வதால் உயிராபத்து உண்டு, நாலாமவரை உடன் நியமிக்கவும் என்று எழுதினேன். ஞாபகமூட்டற் கடிதமும் போட்டேன். தொலைபேசியில் கேட்டால், கடிதக் கோவை மேசையில்தான் இருக்கிறதாம். மேசைகள் எதையும் அவசரமாகச் செய்வதில்லை.

சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு முற்பகல் படகு சுழன்றது. மரியதாஸால் சுக்கானை விடமுடியவில்லை. பிடிக்க ஆளில்லாத ஏணி சரிந்தது. யேசுதாசன் தலை படகு விளிம்பில் அடிபட்டுக் கடலில் விழுந்தான்.

மரியதாஸ் ஈரச் சாரத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"கொலரிலை பிடிச்சுக்கொண்டுதான் ஐயா இருந்தனான். தூக்கி ஏத்த ஏலேல்லை. நான் தனிய."

அந்தப் பிரிவையே பிறகு மூடிவிட்டார்கள். படகு எங்கே போனதென்று கேட்டால் சொல்ல யாருமில்லை. மரியதாஸ் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான்.

பதில் வராமல் இல்லை, வந்தது. இருவரால் வேலை நடைபெற்று வருவது தங்கள் கடிதத்தால் தெரியவருவதால், அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இரண்டாகத் திருத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். வழக்கப்படி, கிடைத்த திகதியை அதன் மூலையில் குறித்தேன். அன்று யேசுதாசனுக்கு முப்பத்தோராம் நாள் பூசை.