அத்தான் கேட்ட அரிசி ஆமை

என் அக்கா புருஷன் கிம்சுவான் எந்தக் கடற்கரையையும் வெயில் குடைகள் விரிந்திருக்கும் பருவத்தில் பார்த்ததில்லை. காவ்சியுங் நகரத்தில் ஏசி பழுது பார்ப்பது அவர் தொழில். வெயில் காலத்தில் ஊர் முழுக்க அவரைத்தான் தேடும். ஏணியும் தோளுமாகத் திரிவார், சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டார். குளிர்காலம் வந்து ஊரெல்லாம் போர்வைக்குள் சுருண்ட பிறகுதான் அவருக்கு ஓய்வு, அப்போதுதான் எங்களுக்குச் சுற்றுலா. அக்கா சியோக்லான் தேனிலவுக்கே கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு போனவள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள், அவர் இன்றுவரை சிரித்துக்கொண்டே கேட்பார். கல்யாணமாகாத கொழுந்தியாளான நானும் எல்லாப் பயணத்திலும் ஒட்டிக்கொள்வேன். யாராவது ஒருத்தி அவரைக் கிண்டல் பண்ண வேண்டாமா?

இந்த வருஷம் விளக்குத் திருவிழா சமயத்தில் பெங்ஹு தீவு. அவர்களுடைய ஒரே மகள் யீசென் அடுத்த மாதம் ஹாலந்துக்கு வேலைக்குப் போகிறாள், மூன்று வருஷ ஒப்பந்தம். அதற்கு முன் எல்லோரும் ஒன்றாக எங்காவது போகவேண்டும் என்று அத்தான்தான் கிளப்பினார். கிளப்பியதோடு சரி, அந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெங்ஹு காற்றைப் பற்றி என்ன சொல்ல? ஆளைத் தூக்கிவிடும். கப்பலிலிருந்து இறங்கியதுமே அக்காவின் தொப்பி கடலுக்குப் போய்விட்டது. தங்கும் விடுதிக்காரி எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இந்தக் காத்துல வந்திருக்கீங்களே, கடன்காரனுக்குப் பயந்து ஓடி வந்தீங்களா?"

"இல்லம்மா, இவரு ஏசி மெக்கானிக்கு. எங்களுக்கு வாய்ச்சது இதுதான்," என்றாள் அக்கா.

பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. பழைய கோட்டைக்குப் போனோம். பீரங்கி மேட்டில் நின்று படம் எடுத்தால் நாலு பேர் முகத்தையும் முடிதான் மூடியிருந்தது. மதியம் ஒரு சின்னக் கடையில் பூசணிக்காய் போட்ட சேமியாவைச் சுடச்சுட வாங்கி ஊதி ஊதித் தின்றோம். அப்போதுதான் அத்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஏம்மா, ஹாலந்துல ஏசி எல்லாம் உண்டா?"

"அங்க குளிருப்பா. ஹீட்டர்தான்."

"அப்ப எனக்கு அங்க பொழப்பு இல்ல," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். கடல் தாய் மாட்சுவின் சந்நிதி முன்னால் அரிசி மாவில் செய்த சிவப்பு ஆமைகள், கைக்கடக்கமானது முதல் மேசையை நிறைப்பதுவரை, வரிசையாக இருந்தன. பேரையும் விலாசத்தையும் தாயிடம் சொல்லி, பிறைபோல வளைந்த இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் தாய் சம்மதித்தாள், ஆமை வீட்டுக்கு வரும், ஒரு வருஷத்துக்கு நல்லது நடக்கும். ஆனால் வாங்கினவர் அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய ஆமையோடு வந்து திருப்பவேண்டும். அதில் ஏமாற்ற இந்தக் கடலோரத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அத்தான் விறுவிறுவென்று வரிசையில் போய் நின்றார்.

"இவருக்கு எதுக்குடி ஆமை? ஒரு சோப்புக்கட்டிகூடக் குலுக்கல்ல விழுந்ததில்ல," என்றாள் அக்கா.

அவர் முறை வந்தது. ஏணி மேலிருந்து கத்தியே பழகிய குரல். ரகசியமாக வேண்டினாலும் தெருமுனைவரை கேட்கும்.

"தாயே, இந்த ஆமை எம் மக யீசென் பேருக்கு!"

யீசென் திடுக்கிட்டுப் போய் அவர் பக்கத்தில் ஓடினாள்.

"அப்பா, எம் பேருல வாங்கினா அடுத்த வருஷம் நாந்தானே வந்து திருப்பணும்?"

"ஆமா."

"நான் ஹாலந்துல இருப்பேன்ல?"

"பிளேன் இருக்குல்ல," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 'வந்துடும்மா' என்று மகளிடம் கேட்க வாய் வராத மனுஷன், அதைக் கடல் தாயை விட்டுக் கேட்க வைக்கப் பார்த்திருக்கிறார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாந்தன. தாய் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி போட்டார், இரண்டும் கவிழ்ந்தன. முடியாது என்கிறாள். பக்கத்தில் நின்ற கோயில்காரர் தன்மையாகச் சொன்னார்: "அண்ணே, கொண்டாந்து திருப்பப் போறவங்கதான் கேக்கணும். அவங்க வாயால சொல்லட்டும்."

"அதெல்லாம் வேணாம். வாங்க போலாம், பசிக்குது," என்று அத்தான் எழுந்துவிட்டார்.

யீசென் கட்டைகளை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். சாமி, சகுனம் என்றால் உதட்டைச் சுழிக்கிற பெண். பேர் சொன்னாள், பிறந்த நாள் சொன்னாள். அடுத்தது விலாசம். நிறுத்திவிட்டாள்.

"ஹாலந்து விலாசத்தச் சொல்லும்மா. அங்கதான இருக்கப் போற," என்றார் அத்தான் பின்னாலிருந்து, கரகரத்த குரலில்.

"அங்க வேலைதான்ப்பா பாக்கப் போறேன்," என்றாள் திரும்பாமலே. பிறகு எங்கள் காவ்சியுங் வீட்டு விலாசத்தைத் தெரு, சந்து, மாடி உட்பட அவள் அப்பனுக்குச் சற்றும் குறையாத குரலில் சொல்லிக் கட்டைகளைப் போட்டாள்.

ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அத்தான் தன் கோட்டைக் கழற்றி ஆமைக்குப் போர்த்தினார். விடுதிவரை அவர் நடுங்கிக்கொண்டு வந்தார், ஆமை சுகமாக வந்தது.

மறுநாள் காலை கப்பலுக்கு நேரமாகிவிட்டது, ஆளைக் காணோம். தேடிப்போனால், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பலகாரக் கடையில் நின்றுகொண்டிருந்தார். கையை அகல விரித்துக் காட்டி, இவ்வளவு பெரிய ஆமை வேண்டும் என்று கடைக்காரம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷத்துக்கா? இப்பவே சொல்லி வைக்கிறது நீங்க ஒருத்தர்தான் ஐயா," என்று அந்தம்மா சிரித்தாள். "சரி, திருவிழாவுல என்னிக்குக் குடுக்கணும்?"

"எம் பொண்ணு வர்ற அன்னிக்கு," என்றார் அத்தான்.