பிலாலைப் பற்றிப் பேசிய நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோவையில் ஒரு மீலாது விழாவுக்கு என் ஜவுளிக்கடை நண்பர் என்னைப் பேசக் கூப்பிட்டார். நான் வக்கீல், மேடை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நபிகளின் இளமையைப் படித்துத் தயார் செய்துகொண்டு, எங்கள் பண்ணையாள் வண்டி ஓட்ட, காலையிலேயே விழா நடந்த கோட்டைமேடு போய்ச் சேர்ந்தேன். பண்ணையாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் 'அவன்' என்றே சொல்லிப் பழகிவிட்டது.

நன்றாகத்தான் பேசினேன். பிறக்கும் முன்பே தகப்பனையும் ஆறு வயதில் தாயையும் இழந்த பிள்ளை, மக்காவில் ஆடு மேய்த்து வளர்ந்ததைச் சொன்னேன். இறைவன் ஒருவனே என்று அவர் சொல்லத் தொடங்கியபோது முதலில் நம்பி வந்தவர்களில் பிலால் என்ற கறுப்பு அடிமையும் ஒருவர். எஜமான் அவரைச் சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியும் அவர் மாறவில்லை. அந்த அடிமையைத் தோழர் ஒருவர் விலை கொடுத்து மீட்க, நபிகள் அவரைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார் என்றபோது என் குரல் தழுதழுத்தது. பந்தல் ஓரத்தில் குந்தியிருந்த பண்ணையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு ஒரே பெருமை.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் நன்னாரி சர்பத் வந்தது. நண்பரின் தம்பி பண்ணையாளைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, மற்றவர்கள் குடித்த அதே கண்ணாடித் தம்ளரில் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்தபோது, இன்றைக்கு விரதம் என்று புளுகிவிட்டேன். அவன் வாய் வைத்த தம்ளர் எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்?

உச்சி வெயிலில் வீடு திரும்பினோம். நான் வாசலில் நின்றே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். எருதுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு அவனும் வந்து கேட்டான். வழக்கம்போல் குனிந்து, இரண்டு கைகளையும் வாயருகில் குவித்துக்கொண்டான். நானும் வழக்கம்போல் எட்டி நின்று, சொம்பை உயர்த்தி ஊற்றினேன்.

குடித்துவிட்டு நிமிர்ந்தான். "ஏனுங்க சாமி, அந்தப் பிலாலுக்கு அவிங்க தண்ணி எதுலீங்க குடுத்தாங்க?"

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதில் எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் பொஸ்தகத்துல இல்லடா" என்றேன்.

சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் கையைக் குவித்தான். ஊற்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சமையலறையில் தம்ளர்கள் அடுக்கியிருந்தன. அவன் சாகும்வரை அவற்றில் ஒன்றை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.