மந்திரித்த படகில் உளி வைத்தவர்

என் வீட்டுக்காரர் கிருபாநிதி நாசரேத்து சி.எஸ்.ஐ. சபைக்காரர். நாங்கள் தூத்துக்குடிக் கடற்கரை ஆர்.சி. கல்யாணமானதிலிருந்து என் தம்பி விக்டர் இதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வான். உடைந்த ஃபைபர் படகுகளுக்குக் கண்ணாடித் துணியும் பிசினும் வைத்து ஒட்டுப் போடுவதுதான் இவருக்கு வேலை. அதைத் தேய்க்கும் தூசியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சோறு தின்னக்கூடத் தெம்பிருக்காது.

எழுபத்தேழு ஐப்பசியில் விக்டர் ஓட்டும் படகு பாறையில் மோதி அடி கிழிந்து வந்தது. இவர் காய்ச்சலில் கிடந்ததால் கூட வேலை செய்யும் மற்றவர்கள் ஒட்டினார்கள். படகிலுள்ள கம்பத்தின் உச்சியில் இடி விழுந்தால், அது செப்புப் பட்டை வழியாக இறங்கி, படகுக்கு அடியிலுள்ள செப்புத் தகடு மூலம் கடலுக்குள் போய்விட வேண்டும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. அந்த மடையர்களோ, வழவழப்பாக இருக்கட்டும் என்று தகட்டின் மேலேயும் ஒட்டிப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் ஆயிற்று. மந்திரித்த படகு ஒருதரம் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை அதில் இரும்பு படக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

காய்ச்சல் விட்டு எழுந்தவர் கரையில் கிடந்த படகின் அடியைத் தடவிப் பார்த்தார். உளியை எடுத்தார். விக்டர் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"என்ன அத்தான், கிறுக்கு புடிச்சிட்டா? ஒங்க சபையில தீர்த்தம் கிடையாது, அதாம் அருமை தெரியல!"

"தகடு தண்ணியத் தொடணும்லே. இல்லன்னா இடி அடியப் பிச்சிக்கிட்டுப் போயிரும். ஒன்னையும் சேத்து."

"ஏதாவது ஆச்சுன்னா ஒங்க மேலதான்!"

"சரி, எம் மேலதான்."

இருமிக்கொண்டே சுரண்டித் தகட்டை வெளியே கொண்டுவந்தார். எனக்கும் பயம்தான். புருஷனுக்குப் பேசுவேனா, கூடப்பிறந்தவனுக்குப் பேசுவேனா?

அந்த வாரமே நடுக்கடலில் இடி விழுந்தது. கம்பத்தின் நுனி உருகி, ஆட்களுக்குக் காது அடைத்துப்போனதோடு சரி. எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மாதாவே, அன்றைக்கு நான் அழுத அழுகை! விக்டர் கரையேறிய கையோடு எங்கள் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"மந்திரிச்ச படகுல இரும்பு வச்சீங்கள்லா! அதாம் இடி தேடி வந்து விழுந்துருக்கு! இனிமே எம் படகுப் பக்கமே வராதீங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, அறிவுகெட்ட மூதி! யாரால உயிரோட நிக்கேன்னு தெரியுமாலே?" என்று எழுந்தேன்.

இவர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"விடுளா. ஏசுறதுக்கு அவன் இருக்காம்லா," என்றார்.