விழப் பழகிய இங்கெலிஸ்

நோய்நொடி இல்லாத முதியவர்களைக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை வீடு தேடிப் போய் விசாரிப்பது நர்ஸ் பெர்னில்லெயின் வேலை. அன்று டென்மார்க்கின் லெம்விக் ஊரில் எண்பத்திரண்டு வயது இங்கெலிஸின் வீடு. காப்பி குடித்தபடியே பெர்னில்லெ கேட்டாள்.

"இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?"

"நேத்து மட்டும் பன்னெண்டு தடவை."

பெர்னில்லெக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்கிட்டயும் சொல்லலியா?"

"எதுக்கு? நானாத்தானே விழுந்தேன். வா, காட்டறேன்."

பக்கத்து அறை முழுக்க மெத்தை. இங்கெலிஸ் ஊரில் இல்லாத ஒருநாள் அவள் கணவர் வழுக்கி விழுந்து, எழத் தெரியாமல் பொழுது சாயும்வரை கிடந்தாராம். அந்தப் பயத்தில் அவர் பிறகு வாசலையே தாண்டவில்லை. அவர் இறந்தபின் அவள் விழப் பழகினாள்.

இப்போது இங்கெலிஸ் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, உடம்பைத் தளர்த்திப் பக்கவாட்டில் சரிந்து உருண்டாள். முழங்காலிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

இருபது வருஷமாக 'விழாதீங்க' என்று மட்டுமே சொல்லிவந்த பெர்னில்லெ மெய்சிலிர்த்து நின்றாள்.

"என்ன பாத்துட்டே நிக்கிற? மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு நீயும் விழு."

பெர்னில்லெ கட்டை மாதிரி விழுந்தாள்.

"கிழவி நானா, நீயா?" என்று சிரித்தாள் இங்கெலிஸ்.

அடுத்த வசந்தத்தில் பெர்னில்லெயின் ஏற்பாட்டில், இங்கெலிஸ் சொல்லித்தர, நகராட்சிக் கூடத்து மெத்தைகளில் ஒன்பது முதியவர்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள்.