மட்ஸோர்போவில் நான் இறங்கவில்லை

அடுத்த வாரம் என் மகளை டேகேரிலிருந்து பூசணித் தோட்டத்துக்கு அழைத்துப்போகிறார்கள். கூட்டத்தில் தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குள் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வாயைத் திறக்கிறேன், மூடிக்கொள்கிறேன். சொன்னால் பயந்துவிடுவாளோ என்று இருக்கிறது. சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்றும் இருக்கிறது. இரண்டையும்விடப் பெரிய கவலை, சொன்னதை அவள் அப்படியே கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது. நான் அப்படிக் கேட்ட பெண்.

எனக்கு அப்போது எட்டு வயது. அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். சென்னைக்குப் போகும் வழியில் இத்தாலியில் இறங்கி மூன்று நாள் தங்கினாலும் டிக்கெட் விலை ஏறாது என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு வெனிஸைப் பார்க்காமல் போவதுதான் ஊதாரித்தனம் என்று ஆகிவிட்டது. வெனிஸுக்குள் அறை எடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கினோம். காலையில் அம்மா சப்பாத்திக்குள் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டி ஃபாயிலில் கட்டுவாள். பஸ் பிடித்து ஊருக்குள் போவோம்.

கொண்டோலா என்கிற சவாரிப் படகைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிட நமக்குத்தான் படகு முழுசாகத் தெரிகிறது என்றார் அப்பா. பெரிய கால்வாயில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் தோணி ஒன்று இருந்தது. அதுவும் பார்க்கக் கொண்டோலா மாதிரியேதான் இருக்கும், ஆனால் பஸ் கட்டணம் போலச் சில்லறைதான். அதில் நின்றபடி அக்கரை போனோம்.

"ஏறினதும் எறங்கிட்டோமே," என்றாள் அம்மா.

"கொண்டோலா ரைடு ஓவர். ஊர்ல யாராவது கேட்டா போனோம்னு சொல்லு, பொய் இல்லையே," என்றார் அப்பா.

இரண்டாம் நாள் தீவுகளுக்குப் போனோம். நாள் முழுவதும் எந்தப் படகிலும் ஏறலாம் என்கிற பாஸ் வாங்கியிருந்ததால், எவ்வளவு படகில் ஏறுகிறோமோ அவ்வளவு லாபம் என்று அப்பா உற்சாகமாக இருந்தார். மூரானோவில் ஒருவர் கண்ணாடியை ஊதிக் குதிரை செய்வதை இலவசமாகப் பார்த்தோம். பார்த்து முடித்தவர்களைக் கடை வழியாக வெளியே அனுப்பினார்கள். என் தம்பியின் ஸ்ட்ரோலர் கண்ணாடிகளுக்கு நடுவே போகாது என்று சொல்லி, அப்பா எங்களை வந்த வழியே திருப்பி அழைத்துப்போனார். தம்பிக்கு இரண்டு வயது. அவனை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அன்று பார்த்தேன்.

அடுத்தது புரானோ. வீட்டுக்கு வீடு வேறு வேறு நிறம் அடித்த தீவு. ஆனால் அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். எங்கள் அப்பார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் இத்தாலிக்குப் போய்வந்த ஒரே அங்கிள் அவருக்குச் சொன்ன ரகசியம் அது. மட்ஸோர்போ என்கிற சின்னத் தீவில் இறங்கினால் கூட்டம் இருக்காது, மர பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுபோனதைச் சாப்பிடலாம், அங்கிருந்து ஒரு மரப்பாலத்தைத் தாண்டினால் புரானோ. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கார் வாங்கியதும் இன்ஷூரன்ஸ் எடுத்ததும் அந்த அங்கிள் சொல்லித்தான். அவர் சொல்லை யாரும் மீறுவதில்லை.

படகில் நல்ல கூட்டம். எனக்கு உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. அப்பா ஸ்ட்ரோலரோடு வாசலருகே நின்றார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு நாலைந்து பேர் தள்ளி நின்றாள். கயிறு கட்டும் ஆள் நிறுத்தத்தின் பெயரைக் கத்தினார். அப்பா ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கினார். அம்மா தம்பியோடு இன்னொரு பக்கமாக நெருக்கித் தள்ளி இறங்கினாள். நான் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எழுவதற்குள் கம்பிக்கதவு சாத்தியாகிவிட்டது. ஜன்னல் வழியாக இருவரும் தெரிந்தார்கள். அப்பா ஸ்ட்ரோலரை விரித்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படகு நகர்ந்தது.

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

மாலுக்குப் போகும்போதெல்லாம் காரை விட்டு இறங்குவதற்கு முன் அம்மா என்னைக் கேள்வி கேட்பாள். தொலைந்துபோனால் என்ன செய்வாய்? இருந்த இடத்திலேயே இருப்பேன். தேடுவது யார் வேலை? அம்மா வேலை. தெரியாதவர்கள் பேசினால்? பதில் சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். இருந்த இடமே எழுந்து போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டதில்லை. அதனால் எனக்குப் பயமே இல்லை. நான் சரியாகச் செய்துகொண்டிருந்தேன். இனி அம்மாவின் வேலை.

சில நிமிடங்களில் புரானோ வந்தது. படகு மொத்தமும் இறங்கியது. நான் இறங்கவில்லை. அந்தப் படகு அங்கேயே முடிந்துவிடாமல், தண்ணீரைத் தாண்டி எதிர்க்கரை வரை போகும் படகு. அது எனக்குத் தெரியாது. எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் ஏறி உட்காரத் தொடங்கினார்கள். கயிறு கட்டும் ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

முதலில் இத்தாலியனில் ஏதோ கேட்டார். நான் என் ஷூவைப் பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில், "மம்மா? வேர் மம்மா?" என்றார். தெரியாதவர். ஷூவையே பார்த்தேன். கையை நீட்டினார். நான் சீட்டின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நினைத்திருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மேலேயிருந்து கேப்டன் கத்தினார். இவர் உட்கார்ந்தபடியே திருப்பிக் கத்தினார். ஹாரன் அடித்தது. இவர் இன்னும் உரக்கக் கத்தினார். ஏறியிருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. என்னால் அவர் திட்டு வாங்குகிறார் என்று புரிந்தது. ஆனால் விதி விதிதானே.

அப்போது ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நின்ற வீடுகளுக்கு முன்னால் ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஐஸ்கிரீம் வைத்திருந்தவர்கள் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். கிட்டே வந்த பிறகுதான் அம்மா என்று தெரிந்தது. அம்மாவுக்கு ஓடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அந்த ஆள் எழுந்துபோய்க் கம்பிக்கதவைத் திறந்தார். அம்மா உள்ளே வந்து என் முன் நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"ஐ டிட்ன்ட் மூவ், அம்மா," என்றேன்.

அம்மா என்னை வாரி எடுத்துக்கொண்டாள். எட்டு வயதுக்கு நான் கொஞ்சம் கனம்தான். எல்லார் முன்னாலும் தூக்குகிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. கதவருகே அந்த ஆளைப் பார்த்து, "தேங்க்யூ, தேங்க்யூ," என்று ஆரம்பித்தவள், "நல்லா இருக்கணும்பா நீ," என்று தமிழில் முடித்தாள். அவர் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, நாங்கள் இறங்கியதும் கயிற்றை அவிழ்த்தார்.

படகு போன பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். ஸ்ட்ரோலரில் தம்பி ஒற்றை ஷூவோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது அந்தப் பயணத்திலேயே சிறந்த சவாரியாக இருந்திருக்க வேண்டும்.

"அவ உன்கூட இருக்கான்னு நெனச்சேன்," என்றார் அப்பா.

"நானும் அவ உங்ககூட இருக்கான்னுதான் நெனச்சேன்."

அவ்வளவுதான். பெரிய சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன், வரவில்லை. அப்பா தம்பியின் இன்னொரு ஷூவைத் தேடுகிறேன் என்று வந்த வழியே போனார். திரும்பி வந்தபோது ஷூ இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. கடற்காற்று, தூசி என்றார். அந்த ஊரில் எனக்குத் தூசியே தெரியவில்லை.

கால்வாய் ஓரமாகப் பச்சை வீடு ஒன்றின் முன்னால் உட்கார்ந்தோம். அம்மா நிறங்களைப் பார்க்கவில்லை, கடைகளில் தொங்கிய லேஸ் துணிகளைப் பார்க்கவில்லை. என்னை மடியோடு சாய்த்துக்கொண்டு, "போட் கிளம்பிச்சே, அப்போ நீ என்ன பண்ணே? சொல்லு," என்றாள். சொன்னேன். "அப்புறம்?" என்றாள். ஷூவைப் பார்த்ததைச் சொன்னேன், ஹாரனைச் சொன்னேன். முடித்ததும், "முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.

திரும்பும் படகில் மறுபடி கேட்டாள். மெஸ்த்ரேக்குப் போகிற பஸ்ஸில் கேட்டாள். சென்னை விமானத்திலும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் என் முதுகில் உள்ளங்கையைப் பதித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அலுத்துப்போய்த் தூங்குகிறாளோ என்று சந்தேகப்பட்டு நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். கடற்பறவை ஒன்று படகுக்குள் வந்தது. நான் பார்த்தே இராத கேப்டனுக்கு மீசை முளைத்தது. முதல் தடவை சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே என்று அம்மா கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "அப்புறம்?" என்பாள்.

நான் அவ்வளவு நன்றாகக் கதை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.